வோர்டெக்ஸ் 10: சின்னக் கூட்டம் பிழைக்குமா என்று கணக்குப் போட ஒரு மென்பொருள்

ஓர் ஏரியில் நூறு சீல்கள், அதாவது கடல்நாய்கள். ஆண்டுக்கு 4 சதவீதம் பெருகுகின்றன. எக்செலில் போட்டுக் கீழே இழுத்தால் நாற்பதாவது ஆண்டில் 480 என்று நிற்கும். கோடு வழுக்கிக்கொண்டு மேலே போகும், பார்க்கத் தெம்பாகவும் இருக்கும். ஆனால் நூறே உயிர்கள் உள்ள கூட்டம் அப்படிக் கோடு கிழித்தாற்போல் வளராது. ஒரு வருடம் பிறந்த குட்டிகளில் முக்கால்வாசி ஆணாகப் போய்விடும். இன்னொரு வருடம் பனி பொய்க்கும். என்றோ ஒரு நாள் நோய் வந்து பாதியை வாரிக்கொண்டு போகும். சராசரிக் கணக்கு சரியாகவே இருந்தும் கூட்டம் இல்லாமல் போகலாம். அது எப்படி நடக்கிறது என்பதை உட்கார்ந்து பார்க்க வைக்கும் மென்பொருள் வோர்டெக்ஸ்.

சிகாகோ விலங்கியல் சங்கத்தைச் சேர்ந்த ராபர்ட் லேசி உருவாக்கியது. விலை கிடையாது, இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். வோர்டெக்ஸ் என்றால் சுழல். 1986-இல் கில்பின், சூலே என்ற உயிரியலாளர்கள் எழுதிய 'அழிவுச் சுழல்' என்ற கருத்திலிருந்து பெயர் வந்தது. கூட்டம் சிறுத்தால் உறவுக்குள்ளேயே இணைசேரும், அதனால் குட்டிகள் சாகும், அதனால் கூட்டம் மேலும் சிறுக்கும். ஆற்றுச் சுழியில் அகப்பட்டவன் ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் உள்ளே போவது மாதிரி.

மதுரை வட்டாரக் கல்லூரிகளில் விலங்கியல் முதுகலை படிப்பவர்களுக்கு வரையாடு, ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில், பாக் விரிகுடா ஆவுளியா (கடற்பசு) என்று சிறிய கூட்டங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்களை மனதில் வைத்தே இந்த விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு நடவடிக்கைகளில் எது அதிக உயிர்களைக் காக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இது அருமையான கருவி. 'இந்தக் கூட்டம் எத்தனை ஆண்டில் அழியும்' என்று கேட்டாலும் ஓர் எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணை நம்பி எதையும் எழுதக் கூடாது.

பழகுவதற்குச் சீலில் தொடங்குவது நல்லது. ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் போடாது என்பதால் நிரப்ப வேண்டிய கட்டங்கள் குறைவு. கரையேறிக் குட்டி போடுவதால் பல இடங்களில் பல பத்தாண்டுகளாக எண்ணி வைத்திருக்கிறார்கள். அழிந்தது, மீண்டது, இழுபறியில் கிடப்பது என்று மூன்று வகைக்கும் உண்மையான உதாரணம் உண்டு. கரீபிய மாங்க் சீலைக் கடைசியாக உறுதியாகப் பார்த்தது 1952-இல். வடபகுதி யானைச் சீல் விரல்விட்டு எண்ணும் நிலைக்குப் போய் இன்று இரண்டு லட்சத்துக்கு மேல். ஹவாய் மாங்க் சீல் சுமார் 1,600-இல் நின்று போராடிக்கொண்டிருக்கிறது.

நிறுவுவதில் சிக்கல் இல்லை. விண்டோஸில் மட்டும் ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் அதற்குள் விண்டோஸை ஏற்றித்தான் ஓட்ட வேண்டும். பெரிய கணினி தேவையில்லை, பழைய லேப்டாப் போதும். ஒரு கூட்டத்தின் எதிர்காலத்தை ஒரு முறை கணக்கிட்டுப் பார்ப்பது ஓர் ஓட்டம். நூறு, இருநூறு விலங்குகள் என்றால் ஆயிரம் ஓட்டங்கள் சீக்கிரமே முடியும். விலங்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்தொடர்வதால் எண்ணிக்கை பல ஆயிரத்தைத் தொட்டால் வேகம் படுத்துவிடும். சின்னக் கூட்டத்துக்கென்று செய்தது, அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். நீண்ட ஓட்டம் என்றால் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் கரண்ட் போய்க் கணினி அணைந்தால் அந்த ஓட்டத்தை முதலிலிருந்துதான் போட வேண்டும். கையேடு முழுக்க ஆங்கிலம், நெருக்கமான எழுத்து. திரையில் வைத்துப் படிப்பது கஷ்டம். கோரிப்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்வது உத்தமம்.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு ஆண்டும், ஒவ்வொரு விலங்குக்கும் கணினி காசு சுண்டுகிறது. இந்தப் பெண் இந்த வருடம் ஈனுமா? குட்டி ஆணா பெண்ணா? குட்டி ஒரு வயதைத் தாண்டுமா? ஐந்து குட்டி பிறந்தால் ஐந்தும் ஆணாக இருக்க 32-இல் ஒரு வாய்ப்பு உண்டு. பத்தும் ஆணாக இருக்க 1,024-இல் ஒன்று. ஐந்தாயிரம் குட்டி பிறக்கும் கூட்டத்தில் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஐந்து பிறக்கும் கூட்டத்துக்கு இது வாழ்வா சாவா. எக்செல் கோட்டுக்கும் வோர்டெக்ஸுக்கும் உள்ள முழு வித்தியாசமும் இந்தக் காசு சுண்டுதலில் இருக்கிறது.

இனி கட்டங்களை நிரப்பலாம். பின்லாந்தில் சைமா என்ற ஏரி. பனியுகம் முடிந்து நிலம் உயர்ந்தபோது கடலிலிருந்து துண்டிக்கப்பட்டு, 9,000 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நன்னீரிலேயே வாழும் வளையச் சீல் அங்கே உண்டு. 1980-களில் 150-க்கும் கீழே போனது. இப்போது 400-ஐத் தாண்டிவிட்டது. அதைப் போன்ற ஒரு கூட்டத்துக்கு, கை பழகுவதற்காக மட்டும், இந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். முதல் குட்டி 5 வயதில். அதிகபட்ச ஆயுள் 30. ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி. ஆண் குட்டி 50 சதவீதம். வளர்ந்த பெண்களில் ஆண்டுதோறும் ஈனுபவை 75 சதவீதம். முதல் ஆண்டு இறப்பு 40 சதவீதம். ஒன்று முதல் ஐந்து வயது வரை ஆண்டுக்கு 12. அதற்குப் பிறகு 7.

இதைப் போட்டதும் ஓட்டத்துக்கு முன்பே ஒரு நிலையான வளர்ச்சி விகிதத்தைக் காட்டும். டெட்-ஆர் என்று இருக்கும். இங்கே அது ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம். இப்போது குட்டிகளின் முதலாண்டு இறப்பை 40-இலிருந்து 60 ஆக்குங்கள். வளர்ச்சி 0.7 சதவீதத்துக்கு விழும். அதைப் பழையபடி 40-க்குக் கொண்டுவந்துவிட்டு, வளர்ந்தவற்றின் இறப்பை 7-இலிருந்து 12 ஆக்குங்கள். மறுபடியும் அதே 0.7.

இந்த இடத்தில் ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். குட்டிகளில் கூடுதலாக 20 சதவீதம் செத்தாலும், பெரியவற்றில் கூடுதலாக 5 சதவீதம் செத்தாலும் கூட்டத்துக்கு அடி ஒன்றுதான். நீண்ட ஆயுள், ஒற்றைக் குட்டி, தாமதமான முதல் ஈற்று உள்ள எந்த உயிருக்கும் இது பொருந்தும். ஐந்து வருடம் தப்பிப் பிழைத்து வந்த ஒரு பெண், இன்னும் ஏறக்குறைய ஒன்பது குட்டிகளைச் சுமந்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பின்லாந்தில் ஏன் குட்டிகளின் பின்னாலேயே ஓடுகிறார்கள்? ஏனென்றால் கை வைக்கக் கூடிய இடம் அங்கேதான் இருக்கிறது. பெரியவற்றின் இறப்பு ஏற்கெனவே தாழ்ந்து கிடந்தால் அதை மேலும் குறைக்க வழி அதிகம் இல்லை. குட்டிகளின் சாவுக்கு மனிதக் காரணம் இருக்கும்போது இருபது புள்ளிகளைக்கூட மீட்க முடியும். சைமாவில் பிப்ரவரி, மார்ச்சில் கரையோரப் பனித்திட்டுக்குள் குகை தோண்டிக் குட்டி போடும். வசந்தத்தில் நீந்தப் பழகும் குட்டி, மீன் வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகும். அதனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை சீல் வாழும் பகுதிகளில் வலை போடத் தடை. பனி குறைந்த ஆண்டுகளில் குகை தோண்ட ஆழம் இருக்காது, குட்டி குளிருக்கும் நரிக்கும் வெளியே கிடக்கும். அந்த ஆண்டுகளில் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு போய்க் கரையோரம் பனியைக் குவித்துத் திட்டுக் கட்டித் தருகிறார்கள். குவித்த திட்டுக்குள் சீல்கள் வந்து ஈன்றும் இருக்கின்றன.

இரண்டையும் வோர்டெக்ஸில் தனித்தனிச் சினாரியோவாக வையுங்கள். வலைத் தடைக்கு ஒன்று, பனித்திட்டுக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒன்று, எதுவும் இல்லாமல் ஒன்று. எண்ணுக்குப் பதிலாகச் சூத்திரத்தையும் கட்டத்தில் எழுதலாம் என்பது இந்த மென்பொருளின் பெரிய பலம். முதலாண்டு இறப்பு என்ற கட்டத்தில் '40, அதோடு ஆண்டு எண்ணை 0.2-ஆல் பெருக்கியது' என்ற பொருளில் சமன்குறி போட்டு எழுதினால், பனி குறையக் குறைய இறப்பு 50 ஆண்டில் 40-இலிருந்து 50-க்கு மெல்ல ஏறும். நிலையான எண் போட்டவர்களுக்கு வராத முடிவு இதில் வரும்.

அடுத்த கட்டம் ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கம். மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கே. ஐந்தாறு ஆண்டு இறப்புக் கணக்கு கையில் இருக்கும். அதற்குத் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) கண்டுபிடித்து அப்படியே போட்டுவிடுவார்கள். அதில் இரண்டு சமாச்சாரம் கலந்திருக்கிறது: வருடம் நல்லதா கெட்டதா என்ற உண்மையான ஏற்ற இறக்கம் ஒன்று, காசு சுண்டுதலால் வந்த தற்செயல் இன்னொன்று. காசு சுண்டுவதை மென்பொருள் தானே செய்கிறது. நீங்களும் சேர்த்துப் போட்டால் தற்செயலை இரண்டு தடவை எண்ணியதாகும், கூட்டம் உள்ளதைவிடச் சீக்கிரம் அழிவதாகக் காட்டும்.

கழிப்பது எளிது. ஆண்டுக்கு 20 குட்டி, சராசரி இறப்பு 40 சதவீதம் என்று வையுங்கள். 0.4-ஐ 0.6-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 0.012. வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 0.11, அதாவது 11 புள்ளி. வெறும் தற்செயலே இவ்வளவு ஆட்டும். உங்கள் தரவில் திட்ட விலக்கம் 15 என்று வந்திருந்தால், 15-இன் வர்க்கம் 225-இலிருந்து 120-ஐ (மேலே வந்த 0.012-தான், சதவீதப் புள்ளிக் கணக்கில்) கழியுங்கள். மிச்சம் 105, அதன் வர்க்கமூலம் சுமார் 10. கட்டத்தில் போட வேண்டியது 10, பதினைந்து அல்ல. கழித்தபின் மிச்சம் சுழியத்துக்குக் கீழே போனால், உங்கள் தரவில் தற்செயலைத் தவிர வேறு ஏற்ற இறக்கம் தெரியவில்லை என்று பொருள். தரவு குறைவாக இருக்கிறது என்பதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

ஆண்களில் எத்தனை பேர் இணைசேர்கின்றன என்று ஒரு கட்டம் வரும். பலர் 100 என்று விட்டுவிட்டுத் தாண்டுவார்கள். நம் பக்கம் இதை விளக்கக் கோயில் காளையே போதும். ஊரில் 49 பசு, ஒரே கோயில் காளை. மொத்தம் ஐம்பது மாடு. ஆனால் அடுத்த தலைமுறைக் கன்று எல்லாவற்றுக்கும் தகப்பன் ஒன்றுதான். இப்படிப்பட்ட கூட்டத்தின் மரபணு மதிப்பைக் காண, ஆணையும் பெண்ணையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுப்பார்கள். 4 பெருக்கல் 1 பெருக்கல் 49, வகுத்தல் 50. விடை 3.92. கண்ணுக்கு ஐம்பது, மரபணுக் கணக்கில் நான்கு. அதுவே 25 ஆண், 25 பெண், எல்லாம் இணைசேர்கிறது என்றால் முழு ஐம்பது. ஐம்பதுக்குத் தலைமுறைக்கு 1 சதவீதம் மரபணுப் பன்மை கரையும். நான்குக்கு 12 சதவீதத்துக்கு மேல்.

யானைச் சீல் இந்தக் கோயில் காளை வகை. ஒரு பெரிய ஆண் கடற்கரையில் பல பெண்களைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்ளும், மற்ற ஆண்களுக்குப் பெரும்பாலும் ஓரம்தான். எண்ணெய்க்காக வேட்டையாடி வேட்டையாடி, 1892-இல் மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் எட்டே எட்டு தென்பட்டன. பார்த்த அருங்காட்சியகக் குழுவே அதில் ஏழைக் கொன்று எடுத்துப் போனது. கடலில் இருந்தவை தப்பின. 1922-இல் மெக்சிகோ பாதுகாப்புக் கொடுத்தது. 1974-இல் பொனெல், செலாண்டர் என்ற ஆய்வாளர்கள் 159 சீல்களின் இரத்தத்தில் 24 மரபணு இடங்களைப் பார்த்தபோது ஒன்றில்கூட வேறுபாடு இல்லை. அப்படியும் கூட்டம் இரண்டு லட்சத்தைத் தாண்டி வளர்ந்திருக்கிறது.

இதை வைத்து 'மரபணுப் பன்மை முக்கியமில்லை' என்று எழுதும் மாணவர்கள் உண்டு. வோர்டெக்ஸில் ஓட்டிப் பார்த்தால் அது ஏன் தவறு என்று புரியும். கொலை நின்றது. கரை காலியாக இருந்தது. கடலில் இரை குறையவில்லை. அதனால் கூட்டம் வேகமாக ஏறியது, அடிமட்டத்தில் கிடந்த தலைமுறைகள் குறைவு. அதே தொடக்க எண்ணிக்கையை வைத்து, வளர்ச்சியை மட்டும் ஆண்டுக்கு 1 சதவீதமாக்கிப் பாருங்கள். கூட்டம் பல தலைமுறைக்கு அடியிலேயே தவழும், உறவுக் கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் சேரும். மென்பொருள் தானாகத் தரும் உறவுக் கலப்புச் சுமை 6.29 என்ற எண். அண்ணன் தங்கை இணைசேர்ந்து பிறக்கும் குட்டிக்கு அது எவ்வளவு கடுமை என்றால், பிழைக்கும் வாய்ப்பு மற்றக் குட்டிகளின் வாய்ப்பில் பாதிக்கும் சற்றுக் கீழே சுருங்கும். இந்த எண்ணைச் சுழியமாக்கி ஒரு முறை, அப்படியே விட்டு ஒரு முறை என்று இரண்டு ஓட்டம் கட்டாயம் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் கூட்டத்தின் மரபணு ஆபத்து.

பேரழிவுக் கட்டம் அடுத்து. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் காபோ பிளாங்கோ என்ற முனை; கடல் குகைகளில் மத்தியதரைக் கடல் மாங்க் சீல்கள். 1997 கோடையில், சுமார் முந்நூறு இருந்த கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு சில வாரங்களில் செத்தது. வைரஸா, நச்சுப் பாசியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. செத்தவற்றில் பெரும்பாலானவை வளர்ந்தவை. மேலே பார்த்த 5-க்கு 20 கணக்கை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய அடி என்று தெரியும். ஆனாலும் குகைகளுக்கு முன்னால் மீன்பிடிப்பை நிறுத்திக் காவல் போட்டுப் பொறுமையாகக் காத்ததில் கூட்டம் மறுபடி முந்நூறைத் தாண்டியது. கிரேக்கம், துருக்கிப் பக்கமும் எண்ணிக்கை தேறியதால் 2023-இல் இந்த இனத்தை, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் ஒரு படி இறக்கி 'அழிவாபத்துக்கு உள்ளாகக் கூடியது' என்று வைத்தார்கள்.

இதைக் கட்டத்தில் போடும்போது பிழைப்பு விகிதம் 0.33, இனப்பெருக்கத்துக்கும் ஒரு பெருக்கெண். ஒன்று என்றால் பாதிப்பு இல்லை, சுழியம் என்றால் முழு அழிவு. எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதுதான் கடினம். முதுகெலும்பு உள்ள விலங்குகளில் பாதிக்கு மேல் சாகும் பேரழிவு தலைமுறைக்குச் சுமார் 14 சதவீத வாய்ப்பில் வருகிறது என்பது பல இனங்களின் தரவிலிருந்து எடுத்த பொதுக் கணக்கு. தலைமுறை பத்து ஆண்டு என்றால் ஆண்டுக்கு 1.5 சதவீதம் போடலாம். ஒரு முக்கிய எச்சரிக்கை: 1997 போன்ற ஆண்டைப் பேரழிவுக் கட்டத்தில் போட்டால், ஏற்ற இறக்கத்துக்கான திட்ட விலக்கக் கணக்கிலிருந்து அந்த ஆண்டை எடுத்துவிட வேண்டும். இரண்டிலும் இருந்தால் ஒரே சாவை இரண்டு தடவை சாகவைக்கிறீர்கள்.

தாங்குதிறனை, அதாவது ஓர் இடம் எத்தனை விலங்குகளைத் தாங்கும் என்ற எல்லையை, இந்த மென்பொருள் கையாளும் விதம் சற்று முரட்டுத்தனமானது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்துவிடும் அல்லவா, அது மாதிரி எல்லையைத் தாண்டிய விலங்குகளை வயது, பால் பார்க்காமல் வெட்டி வெளியே தள்ளும். உண்மையில் இரை குறைந்தால் முதலில் சாவது பால்குடி மறந்த இளங்குட்டி. வடமேற்கு ஹவாய்த் தீவுகளில் அதுதான் நடந்தது: குட்டிகள் மெலிந்து, இரண்டு வயதைத் தாண்டாமல் போயின. தாங்குதிறனை இறுக்கமாக வைத்து ஓட்டினால் வோர்டெக்ஸ் பெரிய பெண்களையும் சேர்த்து வெட்டும். தாங்குதிறனைத் தளர்வாக வைத்துவிட்டு, இளவயது இறப்பைக் கூட்டத்தின் அளவோடு ஏறும் சூத்திரமாக எழுதுவது சரியான வழி.

தொடக்க வயதுப் பங்கீட்டிலும் இதே கவனம் வேண்டும். 'நிலையான பங்கீடு' என்ற பொத்தானை அழுத்திவிட்டால் மென்பொருளே வயதைப் பிரித்துப் போட்டுக்கொள்ளும். குட்டிகள் பல ஆண்டு பிழைக்காத கூட்டத்தில் கிழங்கள் மிஞ்சியிருக்கும், நடுவயதுப் பெண்களே இருக்காது. அங்கே இன்று எல்லாவற்றையும் சரிசெய்தாலும் எண்ணிக்கை சில ஆண்டுகள் தொடர்ந்து இறங்கும். கையில் உண்மையான வயதுக் கணக்கு இருந்தால், சிரமம் பார்க்காமல் அதையே ஒவ்வொன்றாக நிரப்புங்கள்.

இதன் பெரிய குறை ஒன்று உண்டு. நடத்தை இதற்குத் தெரியாது. ஹவாயின் லேசான் தீவில் ஆண்கள் பெண்களைவிட அதிகமாகிப்போய், ஒரு பெண்ணைப் பல ஆண்கள் ஒரே நேரத்தில் மொய்த்துக் காயப்படுத்திக் கொன்றன. 1994-இல் 21 ஆண் சீல்களைப் பிடித்து முதன்மைத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அழிவில் இருக்கும் இனத்தில் ஆண்களை அகற்றுவது காப்பாற்றும் வேலை என்று எந்தச் சராசரிக் கணக்கும் சொல்லாது. வோர்டெக்ஸும் தானாகச் சொல்லாது; பெண்களின் இறப்பை ஆண், பெண் எண்ணிக்கை விகிதத்தோடு இணைத்து நீங்கள் சூத்திரம் எழுதினால்தான் சொல்லும். களத்தில் கண்ணால் பார்த்தவர்கள் பக்கத்தில் இல்லாமல் இந்த மென்பொருளை ஓட்டாதீர்கள்.

ஹவாயில் வேலை இன்னும் நிற்கவில்லை. தொண்டையில் மாட்டிய தூண்டில் முள்ளை எடுப்பது, அறுந்த வலையில் சிக்கியதை விடுவிப்பது, சுறா வேட்டையாடும் இடத்திலிருந்து குட்டியை வேறு தீவுக்கு மாற்றுவது, வைரஸுக்குத் தடுப்பூசி. இன்று உயிரோடு உள்ளவற்றில் ஏறக்குறைய 30 சதவீதம், இப்படிக் கைகொடுத்துப் பிழைத்தவை அல்லது அவற்றின் வாரிசுகள். பல பத்தாண்டு இறங்கிய எண்ணிக்கை 2013-ஐ ஒட்டித் திரும்பி, ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஏறுகிறது. ஒற்றைச் சீலுக்கு ஒற்றை முள் எடுப்பது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு, கூட்டம் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது அதுதான் விஷயம் என்று இந்த மென்பொருளில் ஓட்டிக் காட்டலாம்.

முடிவுகளைப் படிக்கும் விதம். நூறு ஓட்டம் ஓட்டி, பத்தில் கூட்டம் அழிந்தால் அழிவு வாய்ப்பு 10 சதவீதம் என்று வரும். அதன் பிழை 3 புள்ளி. ஆகவே உண்மை 4-இலும் இருக்கலாம், 16-இலும் இருக்கலாம். ஆயிரம் ஓட்டினால் பிழை ஒரு புள்ளிக்குள் வரும். ஆயிரத்துக்குக் கீழே ஓட்டிய முடிவை யாரிடமும் காட்ட வேண்டாம். 'ஸ்டாக்-ஆர்' என்று வருவது தற்செயலும் சேர்ந்த வளர்ச்சி. இது முன்னால் பார்த்த டெட்-ஆரைவிட எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு தூரம் தற்செயலும் உறவுக் கலப்பும் கூட்டத்தைக் கீழே இழுக்கின்றன. எங்கள் பார்வையில், வெளியீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளி. அழிவு என்பதற்கு மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் பொருள், ஒரே பால் மட்டும் மிஞ்சுவது. அதற்கு முன்பே கூட்டம் கைவிட்டுப் போயிருக்கும் என்றால் இருபது, முப்பது என்று ஓர் எல்லையைக் கொடுத்துவிடுங்கள். வரைபடங்கள் சுமார்தான், எண்களை எக்செலுக்கு எடுத்துப் போய் வரைவது மேல்.

நம் பக்கத்து உயிர்களுக்கு வந்தால், ஆவுளியாவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு குட்டி என்று படித்திருப்பார்கள். ஆனால் ஈனும் பெண்கள் என்ற கட்டத்தில் 100 என்று போட்டுவிடுவார்கள். இரு ஈற்றுக்கு நடுவே நான்கு ஆண்டு என்றால் போட வேண்டியது 25. ஐந்து என்றால் 20. எல்லாம் நன்றாக அமைந்தாலும் ஆவுளியாக் கூட்டம் ஆண்டுக்கு 5 சதவீதம் அளவுக்குத்தான் பெருகும். இந்தியக் கடலில் சுமார் 240 இருக்கும் என்பது மதிப்பீடு, பெரும்பகுதி தமிழகக் கரையில். 240-க்கு 5 சதவீதம் 12. வலையில் சிக்கி ஆண்டுக்குப் பன்னிரண்டு கூடுதலாகப் போனால் பெருக்கமே இல்லை. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். உங்கள் சினாரியோவில் அதற்கு உள்ளே, வெளியே என்று இரண்டு இறப்பு விகிதம் வைத்து ஓட்டுங்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விடும் மீனவர் ஒருவர் அந்த எண்ணில் எவ்வளவு மாற்றம் செய்கிறார் என்று தெரியும்.

வரையாட்டுக்கு வேறு எச்சரிக்கை. தமிழகத்தில் 2024 கணக்கெடுப்பில் 1,031, அடுத்த ஆண்டில் 1,303. இதிலிருந்து வளர்ச்சி 26 சதவீதம் என்று எடுத்துப் போடக் கூடாது. பொதுவாக ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி போடும் ஆடு ஒரே ஆண்டில் அந்த அளவு பெருக இடமில்லை. இரண்டாம் முறை தேடிய இடங்களும் கூடியிருந்தன. பிறப்பு, இறப்பு விகிதங்களைத் தனியாகப் போட்டு, வளர்ச்சியை மென்பொருளே கணக்கிடட்டும். மொத்தத்தை ஒரே கூட்டமாகப் போடுவதும் தவறு. மலைக்கு மலை பிரித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு கூட்டம், மேகமலை ஒரு கூட்டம் என்று வையுங்கள். நடுவே கடந்து போகும் ஆடுகள் எத்தனை சதவீதம் என்ற கட்டத்துக்கு விடை கிடைக்காவிட்டால் 0, 1, 3 என்று மூன்று ஓட்டம் போடுங்கள். சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே அழிவு வாய்ப்பு சட்டென்று விழுந்தால், அந்த இரண்டு மலைக்கும் இடையே எந்தக் கணவாயில் ஆட்டின் குளம்படி தெரிகிறது என்று நடந்துபோய்ப் பார்ப்பது அடுத்த வேலை.